“சேர்க்கை சரியில்லை!” – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகி, பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் தம்பி ‘தம்’ அடிப்பதைப் பார்த்துவிட்டதாக எழுதியிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நாலு வரிக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் இந்த முறை வேறு எதையும் எடுக்க முடியாது போலிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அநேகமாக எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள். போடவில்லை.

கேள்வி: என் பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். டியூஷன் முடிந்து வரும்போது சட்டையில் சிகரெட் வாடை அடிக்கிறது. கேட்டால், ‘பக்கத்துல நின்னவர் பிடிச்சார்’ என்கிறான். பேன்ட் பாக்கெட்டில் ஹால்ஸ் தாள் கிடக்கிறது. அவன் அப்பா, ‘சேர்க்கை சரியில்லை, ஸ்கூலை மாத்து’ என்கிறார். மாற்றலாமா?
– ஓர் அம்மா, ஈரோடு

ஹால்ஸ் தாளைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரியும். அதனால் பாக்கெட்டைத் துழாவும் வேலையை இதோடு நிறுத்திவிடலாம்.

ஸ்கூலை மாற்றினால் என்ன ஆகும்? புது ஸ்கூலுக்கும் ஒரு டியூஷன் இருக்கும், அந்த டியூஷனுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கும். ‘சேர்க்கை சரியில்லை’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. கூட இருப்பவர்கள் பிடித்தால் பிடிக்காதவனும் ஒருநாள் கையை நீட்டுகிறான். இன்னொரு பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பிடித்துத்தான் பார்ப்போமே என்ற குறுகுறுப்பு ஏற்கெனவே உள்ள பையன், அதற்கு ஏற்ற கூட்டத்தைத் தானே தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறான். இரண்டுமே நடக்கிறது என்றுதான் இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இந்நேரம் நாலு தெரு தள்ளி இன்னோர் அம்மா உங்கள் பையன் பேரைச் சொல்லி, ‘அவனோட சேர்ந்துதான் இவன் கெட்டான்’ என்று புலம்பிக்கொண்டிருக்கலாம்.

2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னலில் மஞ்சள் விளக்கு எரிகிறது, சிவப்பு விழுவதற்குள் எவ்வளவு தூரம் துணிந்து போகிறாய் என்பதுதான் ஆட்டம். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் சேக்காளிகளை உட்காரவைத்ததும் பிள்ளைகளின் துணிச்சல் எகிறிவிட்டது. 24 வயது தாண்டியவர்கள் யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் ஆடினார்கள்.

உங்கள் பையனும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துக் கேட்டால் புற்றுநோய், நுரையீரல் எல்லாம் சரியாகச் சொல்வான். ‘புகை உயிருக்குப் பகை’ என்று கட்டுரை எழுதி மார்க்கும் வாங்கியிருப்பான். அதே பையன் டியூஷன் வாசலில் மூன்று பேரோடு ஒரு வண்டியைச் சுற்றி நிற்கும்போது அந்தக் கட்டுரை எதுவும் ஞாபகத்துக்கு வராது. அவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை, அந்த இடம் அப்படி.

இன்னொன்று, அந்த வயதில் அவர்கள் போடும் கணக்கே தப்பு. ‘கிளாஸ்ல பாதிப் பேர் பிடிக்கிறான்’ என்பார்கள். நிஜத்தில், 2019-ல் நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுத்த உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைத் தொடுபவர்கள் 8.5 சதவீதம். 40 பேர் உள்ள வகுப்பில் மூன்று, நாலு பேர். உங்கள் பையன் ஓரிரண்டு வயது மூத்தவன், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், அப்போதும் பாதி வராது. பிடிக்கிற நாலு பேர் முக்கில் நின்று எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள். பிடிக்காத மீதிப் பேர் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களை யார் எண்ணுவது?

சரி, என்ன செய்யலாம்? ‘பிடிச்சியா இல்லையா’ என்ற விசாரணையை விட்டுவிட்டு, டியூஷன் முடிந்து வீடு வந்து சேரும்வரை உள்ள அந்த முக்கால் மணி நேரத்தைக் கவனியுங்கள். அந்தப் பசங்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தோசை ஊற்றிப் போடுங்கள், கத்தட்டும், கிரிக்கெட் பார்க்கட்டும். டீக்கடை அவனுக்குத் தருவது புகையை மட்டுமா? பெரியவர்கள் நடுவில் வராமல் நாலு பேரோடு நிற்க ஓர் இடம் தருகிறது. அந்த இடத்தில் பாதியையாவது உங்கள் வீட்டுத் திண்ணை தரட்டும். அப்பாவையும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு ஹாலில் உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் 22 வருடமாகப் பிடிக்கிறேன். பிள்ளைகள் முன்னால் பிடித்ததே இல்லை, மொட்டைமாடியில்தான். ஒன்பதாவது படிக்கும் மகனிடம் ‘தொடாதே’ என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?
– ஒரு தகப்பன், மதுரை

ஐயா, மொட்டைமாடி யாருக்குத் தெரியாது? ராத்திரி சாப்பிட்டதும் அப்பா மேலே போகிறார். ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தால் முகம் இறுகிப்போய் மேலே போகிறார். பத்து நிமிடம் கழித்துச் சாந்தமாக இறங்கி வருகிறார். இதை இத்தனை வருடமாகப் பார்க்கும் பையனுக்கு நீங்கள் வாயைத் திறக்காமலே ஒரு பாடம் நடத்திவிட்டீர்கள்: ஆம்பளைக்கு டென்ஷன் வந்தால் இதுதான் மருந்து. அவனுக்கும் ஒருநாள் டென்ஷன் வரும், மாடலாவது வரும், ரிவிஷனாவது வரும்.

நம் காலத்தில் இந்த ஒளிவுமறைவுகூடக் கிடையாது. ‘கடைக்குப் போயி ரெண்டு சிகரெட்டு வாங்கிட்டு வாடா, மீதிக்கு மிட்டாய் வாங்கிக்கோ’ என்பார்கள். அந்த மிட்டாய் ருசியோடுதான் சிகரெட் பெட்டியின் வாசமும் நம் தலைமுறை மூக்கில் ஏறியது. இன்று ஒரு பிள்ளை கையில் புகையிலையைக் கொடுப்பது சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

முகம் எது என்று கேட்டீர்கள். பிடிக்காத அப்பாக்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: விட முயன்று தோற்ற கதை. எத்தனை முறை விட்டீர்கள், எத்தனை நாள் தாங்கியது, எந்தக் கல்யாண வீட்டில் யார் நீட்டியதும் திரும்பத் தொடங்கியது, அதைச் சொல்லுங்கள். ‘உன் வயசுலதான்டா ஆரம்பிச்சேன், இன்னைக்கு வரைக்கும் முடியல’ என்று அப்பா வாயால் கேட்ட பையன் அதை மறக்கமாட்டான். அப்புறம், பெற்றோர் விட்டுவிட்ட வீடுகளில் பிள்ளைகள் தொடங்குவது குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் இன்னொரு தடவை முயன்று பாருங்கள். நீங்கள் வாங்கும் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகியிருக்கும். 22 வருடத்தில் அதை ஒருமுறையாவது படித்தீர்களா?

கேள்வி: பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். எதிரிலேயே மேல்நிலைப் பள்ளி. பையன்கள் ‘அப்பாவுக்கு’ என்று கேட்டு வருகிறார்கள். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான், என் வியாபாரம்தான் போகும். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?
– ஒரு கடைக்காரர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். சட்டம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2003-ம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், சிகரெட், பீடி எதுவும் விற்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இந்தத் தொகையை வைத்து யாரைப் பயமுறுத்த நினைத்தார்களோ தெரியவில்லை. மேலே சொன்ன சிறார் சட்டம் அப்படியில்லை, அதில் சிறையோடு ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

சட்டத்தை விடுங்கள். உங்கள் கடையை ஒரு பதினாலு வயதுப் பையன் உயரத்தில் குனிந்து நின்று பாருங்கள். கண்ணுக்கு நேரே மிட்டாய் பாட்டில், அதை ஒட்டிச் சிகரெட் பெட்டி வரிசை, ஓரத்தில் நுனி கனன்றபடி தொங்கும் கயிறு. அந்தக் கயிறு இருக்கே, அது பையன்களுக்குப் பெரிய சகாயம். தீப்பெட்டி வாங்க வேண்டாம், பாக்கெட்டில் சாட்சி மிஞ்சாது, குனிந்து பற்றவைத்துவிட்டுப் போய்விடலாம். ஒற்றை சிகரெட்டும் அப்படித்தான். பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு அந்தக் கோரப் படம் இருக்கிறது. ஒற்றையாக வாங்குகிறவன் அதைப் பார்ப்பதே இல்லை. பெட்டி உங்கள் கையிலேயே இருந்துவிடுகிறது.

‘அப்பாவுக்கு’ என்று வருகிறவனிடம், ‘அப்பாவையே வரச் சொல்லு தம்பி’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், திட்ட வேண்டாம். அடுத்த கடைக்குப் போவான்தான். ஆனால் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டுவிட்டால் கூச்சம் வந்துவிடும், அந்த வயதில் கூச்சம் பெரிய வேலி. அடுத்த கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவையுங்கள், அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்தானே. முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: முதலாண்டு இன்ஜினியரிங், ஹாஸ்டல். யாரும் என்னைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிப் போய்ப் பற்றவைக்கும்போது நான் மட்டும் சும்மா நிற்பது ஒரு மாதிரி இருக்கிறது. போகாமல் இருந்துவிடலாமா?
– ஒரு மாணவன், கோவை

போ தம்பி, தாராளமாகப் போ. ராத்திரி டீ இல்லாத ஹாஸ்டல் வாழ்க்கை என்ன வாழ்க்கை.

உன் பிரச்சினை கையை எங்கே வைப்பது என்பதுதான். அதனால் ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பன். நம் ஊரில் சிகரெட் நீட்டுவதும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது மாதிரி ஒரு மரியாதை, மறுத்தால் அவனையே மறுத்த மாதிரி தோன்றும். ‘வேணாம் மச்சி’ என்று முதல் தடவை சொல்லும்போது தொண்டையை அடைக்கும், மூன்றாவது தடவைக்குப் பிறகு யாரும் நீட்டவேமாட்டார்கள். காரணம் சொல்லாதே, டாக்டர் சொன்னார், அம்மாவுக்குச் சத்தியம் என்று ஆரம்பித்தால் விவாதம் வளரும். அவர்களுக்கு அட்வைஸும் பண்ணாதே, அது பிடிப்பதைவிட மோசம்.

இன்னொன்று முக்கியம். உன்னை மாதிரியே சும்மா நிற்கிற இன்னொருவன் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பான், அவன் பக்கத்தில் போய் நில். 1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், ஒரு கோட்டைக் காட்டி, இதே நீளமுள்ள கோடு எது என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். சோதிக்கப்படுகிற ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் முன்கூட்டியே சொல்லிவைத்துத் தப்பாகச் சொல்லவைத்தார். கண்ணுக்குத் தெரிந்ததையே மறுத்துக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரே ஓர் ஆள் உண்மையைச் சொல்லித் துணைக்கு நின்றால் அந்தத் தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓர் ஆள் போதும்.

கேள்வி: எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். அந்தக் காசில்தான் என் மாணவர்கள் நோட்டு வாங்குகிறார்கள். அந்த வகுப்பில் நின்று புகையிலை கெடுதல் என்று எப்படிச் சொல்வது?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

டீச்சர், வந்ததிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். மூன்று நாள் யோசித்தேன்.

அந்தப் பிள்ளை சாயங்காலம் பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் முறத்துக்கு எதிரே உட்காருகிறது. அம்மா இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றுகிறாள். பிள்ளை நுனியை மடக்கிக் கொடுக்கிறது. ஆயிரம் எண்ணிக்கை ஆனால்தான் கூலி. யூனிபார்மில் தூள் ஒட்டியிருக்கும். அதற்குப் புகையிலை வாசம் என்றால் அம்மா வாசம். அங்கே போய் ‘விஷம்’ என்று நாம் ஆரம்பித்தால் அம்மாவைத் திட்டுவதாகத்தான் அதன் காதில் விழும். பீடி கைக்கெட்டும் பொருளாகவும் இருக்கிறது. அதே 2019 கணக்கெடுப்பில், பீடி பிடித்த மாணவர்களில் 47 சதவீதம் பேர் பத்து வயது முடிவதற்கு முன்பே முதல் பீடியைப் பிடித்திருக்கிறார்கள்.

அம்மாவின் கையிலிருந்தே தொடங்குங்கள். புகையிலைத் தூளிலிருந்து நிகோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், தூள் மூச்சிலும் ஏறும். பிடிக்காமலே அம்மாவுக்கு ஏன் இருமல், ஏன் தலைசுற்றல் என்று பேசுங்கள். பிறகு பிள்ளைகளிடமே ஒரு கணக்கு எடுக்கச் சொல்லுங்கள்: தெருவில் சுற்றுகிற அம்மாக்கள் எத்தனை பேர், அதில் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்? நம் பக்கத்துப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை அந்த இரண்டாவது கட்டம் அநேகமாகக் காலியாகத்தான் இருக்கும். ஏன் காலியாக இருக்கிறது என்று அம்மாவிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதை அவள் ஒரு வரியில் சொல்லிவிடுவாள்.

கேள்வி: ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி என்று 30 வருடம் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன். இதனால் ஒரு பையனாவது விட்டிருப்பானா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

உலகப் புகையிலை ஒழிப்பு நாள் மே 31. அன்று நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. இதிலேயே பாதி பதில் இருக்கிறது ஐயா.

கேலி போதும். ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் தினமும் சிகரெட் பிடித்தார்கள். 2016-ல் அது 3 சதவீதம். பாட்டும் பேச்சும் போட்டு அதைச் சாதிக்கவில்லை. பிள்ளைகள் மாலையில் எங்கே, யாரோடு இருக்கிறார்கள் என்பதை மாற்றினார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் வெளியே திரியக் கூடாது என்று சட்டம் வந்தது. பெற்றோர்கள் ஒன்றுகூடி, ‘அவங்க வீட்ல விடுறாங்களே’ என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி ஒரே விதிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். குட்டி நாடு, பணக்கார நாடு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அரசுப் பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் பூட்டாமல் இருப்பதற்கு என்ன செலவாகும்?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 1998-ல் வேறு வழியில் போனது. நுரையீரல் படத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, ‘கம்பெனிக்காரன் உன்னை முட்டாளாக்கிக் காசு பார்க்கிறான்’ என்று பிள்ளைகளையே பேசவைத்தார்கள். யாருக்கும் அடங்கமாட்டேன் என்பதற்காகப் பிடிக்கிற வயதில் அந்த முறுக்கைக் கம்பெனி பக்கம் திருப்பிவிட்டது நல்ல தந்திரம், பள்ளிப் பிள்ளைகளிடம் பழக்கமும் குறைந்தது. உங்கள் போட்டிக்கு வந்த ஓவியங்களில் எத்தனையில் மண்டையோடு இருந்தது, எத்தனையில் சிகரெட் கம்பெனி முதலாளி இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சினிமாதானே காரணம்?
– ஒரு வாசகர், சென்னை

எல்லாவற்றுக்கும் இல்லை, ஆனால் பங்கு உண்டு. திரையில் புகைப்பதைப் பார்ப்பது இளவயதினரைத் தொடங்கவைக்கிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை திட்டவட்டமாகவே சொல்லிவிட்டது. ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்ததைப் பார்த்து முதலில் சாக்பீஸில் பழகி, பிறகு நிஜத்துக்கு வந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. 2018-ல் விஜய் சிகரெட்டோடு இருந்த போஸ்டருக்குச் சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டதும் அதை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் ஹீரோ மூன்று மணி நேரம்தான் வருகிறார். சித்தப்பாவும் டீக்கடையும் தினமும் இருக்கிறார்கள்.

கேள்வி: பையன்கள் பிடித்தால் ‘வயசுக் கோளாறு’, நான் பிடித்தால் குடும்ப மானம் போகிறதாம். இது என்ன நியாயம்?
– ஒரு கல்லூரி மாணவி

நியாயமே இல்லைம்மா. நுரையீரலுக்கு ஆண் பெண் தெரியாது, மானத்துக்கு மட்டும் தெரிகிறது. இந்தக் கோபத்தை உங்களுக்கு முன்னால் ஒருவர் காசாக்கியிருக்கிறார், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1929-ல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் சில பெண்கள் எல்லோரும் பார்க்கச் சிகரெட் பற்றவைத்தார்கள். ‘சுதந்திர தீபங்கள்’ என்று பத்திரிகைகளில் பேசப்பட்டது. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர மன்னர், சம்பளம் கொடுத்தது சிகரெட் கம்பெனி. கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி, நீங்கள் பிடித்ததுண்டா?
– நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்

உண்டு, 9 வருடம். முதல் சிகரெட் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், பதினொன்றாவது படிக்கும்போது. கொடுத்தது பக்கத்து வீட்டு அண்ணன். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாயெல்லாம் கசப்பு, துளியும் பிடிக்கவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார், ‘பழகிடும்டா’ என்றார். அந்தத் தட்டு பிடித்திருந்தது.

விட்டதில் பெரிய வீரம் ஒன்றும் கிடையாது. ஆபீஸில் தினமும் 11 மணிக்கு என்னோடு கீழே இறங்கி வருகிற நண்பர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு வாரம் தனியாக இறங்கிப் போய் நின்றேன், பேச ஆளில்லை. அடுத்த வாரம் டீயை மேலேயே கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.